சயாம் ரயிலுக்குப் போனவர்களை மேடையில் எப்படிக் கொண்டுவருவது? கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்

கெடிலக்கரை:

வணக்கம். கடலூரில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன நாடகக் குழு வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் வேறு பிழைப்பு உண்டு. ஒருவர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறார், இரண்டு பேர் ஆசிரியர்கள், எனக்கு மருந்துக் கடை. இதுவரை போட்டதெல்லாம் குடி, சாதி, பள்ளிக்கூடம் என்று அரை மணி நேர வீதி நாடகங்கள்தான். இந்த முறை ஒரு மணி நேரத்துக்கு ஒன்று எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

விஷயம் சயாம் மரண ரயில், சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. என் கொள்ளுத் தாத்தாவும் அவர் தம்பியும் 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு போனவர்கள். கித்தாக்காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்ததும் மலாயா முழுக்க ஜப்பான்காரன் கைக்குப் போனது, அப்புறம் பர்மாவுக்குப் படையும் சரக்கும் அனுப்பக் காட்டுக்குள் 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு டாலர், அரிசி உண்டு என்று சொல்லித்தான் முதலில் கூப்பிட்டார்கள், அந்த டாலரும் ஜப்பான்காரன் அச்சடித்த, சனம் ‘வாழைமர நோட்டு’ என்று சொன்ன காசு. போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று தெரிந்ததும் அடுத்தவர்கள் போகவில்லை, அதற்கு அப்புறம் லாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அப்படியே ஏற்றிக்கொண்டு போனதாகத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கொள்ளுத் தாத்தா போனார், வரவில்லை. தம்பி நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார், 1946-ல் ஊர் திரும்பினார், தியாகி பென்ஷன் வாங்கினார், எங்கள் தெருவில் இன்றைக்கும் அவர் வீட்டுக்கு ‘தியாகி வீடு’ என்றுதான் பெயர். அந்தக் கூடத்தில் நேதாஜி படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் இருக்கிறது. அண்ணனுக்குப் படமே கிடையாது. என் கொள்ளுப்பாட்டி ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் கடற்கரைக்குப் போய்த் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு வருவாள். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது இறந்தாள், பொட்டோடும் பூவோடும்தான் தூக்கிப்போனோம். செத்தான் என்று யாரும் வந்து சொல்லாத வரைக்கும் தான் கட்டுக்கழுத்திதான் என்பது அவள் கணக்கு.

இப்போது பிரச்சினை. முதல் வடிவத்தில் அடி, காலரா, பிணம் எரிப்பது எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். தெரிந்தவர்கள் முப்பது பேரைக் கூப்பிட்டு ஒத்திகை காட்டினோம். பிரம்படிக் காட்சி வந்தது, நடிக்கிற பையன் நன்றாகத்தான் நடித்தான், முடிந்ததும் கைதட்டினார்கள். இரண்டு பேர் செல்போனில் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒருத்தன் முதுகு கிழிகிறதைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறேன், அந்த முதுகு என் வீட்டு முதுகு.

இன்னொன்று, தியாகி வீட்டில் இருக்கும் சின்னத் தாத்தா (அந்தத் தம்பியின் மகன், எழுபதைத் தாண்டிவிட்டார்) நாடகம் என்றதும் சந்தோஷப்பட்டார், சயாம் ரயில் என்றதும் முகம் மாறிவிட்டது. “அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதே” என்று மட்டும் சொன்னார். ஐ.என்.ஏ. பகுதியை எடுத்துவிட்டால் நாடகம் எளிதாகிவிடும். ஆனால் அந்தத் தம்பி என் தாத்தாவிடம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறது: “அண்ணன் பேரை வாசிச்சாங்க, என் பேர் அடுத்த லிஸ்ட்ல இருந்துச்சு.” இதை எடுத்துவிட்டு நான் என்ன நாடகம் போடுவது?

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தை வைத்து முடிவை அமைக்கலாமா என்றும் ஒரு எண்ணம். சரியா தவறா தெரியவில்லை. மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பண்ருட்டி மத்தளம்:

தம்பி, கைதட்டியதற்கு அவர்களைக் குறை சொல்லாதே. நடிகன் உடம்பை வருத்தினால் சனம் கைதட்டும், அது நடிகனுக்குத் தட்டுவது. நீ பிரம்பைக் காட்டினாய், அவர்கள் பிரம்பைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

நான் நாற்பது வருஷமாகக் கூத்துக்கு மத்தளம் வாசிக்கிறவன். எங்கள் ஆட்டத்தில் பதினெட்டாம் போர் விடியவிடிய நடக்கும், ஒரு சொட்டு ரத்தம் காட்டமாட்டோம். துரியோதனன் எல்லாரையும் இழந்துவிட்டுத் தனியாக வந்து தம்பிமார் பெயரைச் சொல்லி அழுவான் பார், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அவன் கெட்டவன் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நூறு பேரைப் பறிகொடுத்தவன் என்று அழுவார்கள். போரை இப்படிப் பார்க்கிற பழக்கம் நம் ஊர் சனத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது, நீ புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. அவர்களுக்குப் பழகின வாசல் வழியாக உள்ளே வா.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கூத்தில் ஒரு வேஷம் முதலில் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். உள்ளே இருப்பவன் தன் பெயர், தன் பிறப்பு, தன் நாடு எல்லாவற்றையும் திரைக்குப் பின்னாலிருந்தே பாடுவான், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கட்டியங்காரன் வெளியே நின்று “வருவது யார், எந்த ஊர்” என்று கேட்டுக்கொண்டிருப்பான். அப்புறம்தான் திரை விலகும். நீ ஒரு பத்துப் பேருக்கு இப்படித் திரை பிடி. ஒவ்வொருத்தனும் தன் பெயரையும் ஊரையும் சொல்லட்டும், நான் இன்னார் மகன், திருவதிகை, பாலூர், புவனகிரி என்று. மத்தளம் உச்சத்துக்குப் போகட்டும், சலங்கை கேட்கட்டும். திரையை எடு. ஆள் இருக்கக் கூடாது. மறுபடி திரை பிடி, அடுத்த பெயர். நாலாவது தடவைக்கு மேல் எவனும் கைதட்டமாட்டான், எனக்குத் தெரியும்.

படுகளம் வேண்டாம். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்து, பீமன் தொடையில் அடித்து, அம்மன் கூந்தல் முடித்து, அதற்கு அப்புறம் தீமிதி, இது காப்புக் கட்டி விரதம் இருந்து ஊரே செய்கிற காரியம். அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துப்போய் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை மேடை அலங்காரம் மாதிரி எடுத்து வைத்தால் ஊரில் வருத்தப்படுவார்கள், உன் நாடகத்துக்கும் அது ஒட்டாது, ஏனென்றால் படுகளத்தில் உடம்பு இருக்கிறது. மண்ணாலாவது ஒரு உடம்பு. உன் கதையில் உடம்பே இல்லையே தம்பி. அழுவதற்கு ஒரு தலைமாடு கால்மாடு இல்லாமல்தானே உன் கொள்ளுப்பாட்டி கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அந்த ஆடிப்பெருக்கைப் போடு.


வடலூர்வாசி:

படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நாடகம் பற்றி ஒன்றும் தெரியாது, வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐ.என்.ஏ. பகுதியைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது.

நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். ரயில் வேலை 1942-லேயே தொடங்கிவிட்டது. அவர் வருவதற்கு முன்னாலேயே ஆயிரக்கணக்கில் செத்தாகிவிட்டது. அதை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதோடு அந்தப் படையில் சேர்ந்த தமிழர்களில் பெரும்பகுதி இதே தோட்டத் தொழிலாளிகள்தான், கேப்டன் லட்சுமி தலைமையில் இருந்த ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கிய பெண்களில் எத்தனையோ பேர் அதுவரை பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கூலி என்று கூப்பிடப்பட்டவன் முதல் தடவையாகச் சிப்பாய் என்று கூப்பிடப்பட்டான். அந்த நிமிர்வை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. இப்போது யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் இழுத்துப் பேசுகிற காலம், உங்கள் நாடகத்தில் இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பினால் அது நீங்கள் எழுதியதாக இருக்காது.

ஆனால் எடுத்துவிடு என்றும் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு விஷயம் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளம் காட்டுக்குள் சேர்ந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 21. ரயில் பாதையின் திறப்பு விழா அக்டோபர் 25. ஒன்பது நாளுக்குள் மூன்றும். அப்புறம் அதே பாதையில்தான் ஐ.என்.ஏ. வீரர்களும் பர்மா எல்லைக்குப் போனார்கள். வகுப்பில் இத்தனை வருஷம் அக்டோபர் 21-ஐச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், 17-ஐ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை என்பது ஒரு காரணம், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை என்பது இன்னொன்று.

உங்கள் சின்னத் தாத்தா குழப்பாதே என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், தான் போகிற ரயிலுக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்று.


சுண்ணாம்பாறு:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடு சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தார், சைகோனில் வேலை, அங்கேயே கல்யாணம், பாட்டி வியட்நாம்காரி. 1954-ல் வியட்நாமில் பிரெஞ்சுப் படை தோற்று தியன் பியன் பூ விழுந்த அதே வருஷம் நவம்பர் 1-ல் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரன் கையை விட்டுப் போனது. தாத்தாவுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு பக்கமும் தரை போயிற்று. பாட்டிக்கு, தன் நாட்டுக்காரர்களைச் சுடப் போன படையில் இருந்தவர் புருஷன். இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஜூலை 14-க்குத் தாத்தா மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார், பாட்டி அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு வைப்பாள், அவ்வளவுதான்.

பத்து வருஷம் முன்னால் நாங்கள் நாலைந்து நண்பர்கள் இதை ஒரு நாடகமாகப் போட்டோம். என் பாட்டி முதல் வரிசையில். நாங்கள் பயந்துகொண்டிருந்ததெல்லாம் துப்பாக்கிச் சத்தத்துக்குத்தான், ஸ்பீக்கரில் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தோம். பாட்டி அதற்கெல்லாம் அசையவில்லை. ஒரு காட்சியில் எங்கள் நண்பன் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு, முதுகை வளைத்து, குட்டி குட்டி அடி வைத்து, சிங் சாங் என்று ஏதோ வாயில் வந்ததைப் பேசிக்கொண்டு நடந்தான். கூடம் முழுக்கச் சிரிப்பு. பாட்டி எழுந்து போய்விட்டாள். என் அத்தைதான் பின்னாலேயே ஓடினாள். வீட்டுக்குப் போனதும் பாட்டி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். அந்தத் தொப்பி அவள் அம்மா வயலுக்குப் போட்டுக்கொண்டு போனது.

அதனால் உங்கள் ஜப்பான்காரனைப் பார்த்துச் செய்யுங்கள். எழுதும்போதே தெரியாது, நடிகன் ஒத்திகையில் தானாகக் கொண்டுவந்துவிடுவான், கண்ணை இடுக்குவான், கத்துவான், சனம் சிரிக்கும், சிரித்ததும் அவனுக்கு இன்னும் கொஞ்சம் செய்யத் தோன்றும். அடித்தவன் கோமாளியானால் அடி பட்டவனும் கோமாளிதான். ஒன்று தெரியுமா, அங்கே கைதிகள் முகாமில் காவலுக்கு நின்றவர்களில் நிறைய பேர் கொரியர்கள். அவர்கள் நாடே அப்போது ஜப்பானுக்கு அடிமை. மேலே ஒருவன் அவனை அறைவான், அவன் கீழே இருக்கிறவனை அறைவான். அதைவிட, தோட்டத்தில் யார் யார் போக வேண்டும் என்று பெயர் எழுதிக் கொடுத்தது யார்? பல இடத்தில் நம் கிராணியும் (தோட்டக் கணக்கர்) கங்காணியும் (ஆட்களை மேற்பார்க்கிறவர்)தான். உங்கள் கொள்ளுத் தாத்தா பெயரை வாசித்த குரல் அநேகமாகத் தமிழ்க் குரல். ஜப்பான்காரனை மேடைக்கே கொண்டுவராமல் அந்த வாசிக்கிற குரலை மட்டும் வையுங்கள் என்பது என் யோசனை.

இலவச சினிமா, கதவைச் சாத்துவது, இதைப் பார்வையாளர்கள் மேலேயே செய்து காட்டலாம் என்று உங்கள் குழுவில் யாருக்காவது தோன்றும். செய்யாதீர்கள். எங்களுக்கும் அந்த மாதிரி ஆசை இருந்தது. பயமுறுத்திவிட்டால் அப்புறம் அவர்கள் தங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார்கள், போனவர்களைப் பற்றி யோசிக்கமாட்டார்கள்.

அரங்கேற்றத்துக்கு முன்னால் உங்கள் சின்னத் தாத்தாவுக்கு வீட்டில் உட்கார்ந்து முழுசாக வாசித்துக் காட்டுங்கள். ஒப்புதல் வாங்கத்தான் என்று இல்லை. எல்லார் நடுவிலும் உட்கார்ந்து முதல் தடவையாக அதைக் கேட்கிற நிலைமையை அவருக்கு வைக்காதீர்கள். நான் பாட்டிக்கு அதைச் செய்யவில்லை.


விளக்குக்காரர்:

நான் ஒளி, ஒலி பார்க்கிறவன், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். உங்களிடம் பணம் இல்லை என்று எழுத்திலேயே தெரிகிறது, அது இந்த நாடகத்துக்கு நல்லது. ரயில் சத்தம், குண்டுச் சத்தம், காட்டுச் சத்தம் எதையும் ஸ்பீக்கரில் போடாதீர்கள். புகை மெஷின் வாடகைக்கு எடுக்காதீர்கள், புகை வந்தாலே சினிமாப் பாட்டு வரப்போகிறது என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள்.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுகிற பழைய ஸ்லீப்பர் கட்டை ஒன்று வாங்குங்கள். சயாம் பாதை மீட்டர் கேஜ். நம் விழுப்புரம் மயிலாடுதுறை பாதையும் மீட்டர் கேஜாக இருந்ததுதானே, அகலப்பாதை ஆனபோது கழற்றிய கட்டைகள் மரக்கடைகளில் வந்தன, தேடினால் இன்னும் ஒன்றிரண்டு கிடைக்கும். கடலூர் முதுநகர்ப் பெரியவர்களுக்கு அந்தக் கட்டையின் அளவு கண்ணிலேயே இருக்கும், பார்த்ததும் இன்னதென்று சொல்லிவிடுவார்கள். தெர்மாகோல் கட்டை செய்து பழுப்புப் பெயின்ட் அடிக்காதீர்கள், தயவுசெய்து.

நீங்கள் எட்டுப் பேர். முதல் காட்சியில் எட்டுப் பேரும் சேர்ந்து கட்டையைத் தூக்கி மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோங்கள், பாட்டுப் பாடிக்கொண்டே. அடுத்த காட்சியில் ஏழு பேர். அதற்கு அடுத்து ஆறு. யார் இல்லை, ஏன் இல்லை என்று ஒரு வசனமும் வேண்டாம். கட்டை அதேதான், கை குறைகிறது. மூச்சு வாங்குவது கேட்கும், கால் இடறுவது கேட்கும், நடிக்க வேண்டிய தேவையே இருக்காது. 1943 மே, ஜூன் மழையில் காலரா வந்தபோது கூடாரம் கூடாரமாகச் செத்தார்கள், அப்போதும் ‘ஸ்பீடோ, ஸ்பீடோ’ என்று வேலையை முடுக்கியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல் போதும் உங்களுக்கு, அதையும் இருட்டிலிருந்து மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள், கத்த வேண்டாம்.

வெளிச்சம் ஒரு லாந்தரும் ஒரு மஞ்சள் பல்பும். போனவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் பல்பு எரிந்துகொண்டே இருக்கட்டும், அணைக்காதீர்கள். ஆள் செத்தால் விளக்கை அணைப்பது எல்லாரும் செய்கிறது.

ஒரு பாதுகாப்பு விஷயம். கட்டை கனம் நிஜம். இடுப்பு பிடித்துக்கொள்ளும், தூக்குகிற முறையைப் பழகாமல் மேடை ஏறாதீர்கள். பெண் நடிகர்களும் தூக்கட்டும், அங்கே குடும்பத்தோடு கொண்டுபோகப்பட்டவர்களும் இருந்தார்கள்.


கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதவில்லை, ஏனென்றால் சுண்ணாம்பாறு அக்கா சொன்னதை முதலில் செய்துவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

போன ஞாயிறு தியாகி வீட்டில் போய் உட்கார்ந்து வாசித்தேன். மத்தளம் ஐயா சொன்ன திரையை எழுதிச் சேர்த்திருந்தேன், காலராக் காட்சியை முழுக்க எடுத்துவிட்டேன், பிரம்பு இல்லை, ஜப்பான்காரன் இல்லை. பெயர் வாசிக்கிற குரல் மட்டும். சின்னத் தாத்தா நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. “அண்ணன் பேரை வாசிச்சாங்க” என்ற இடம் வந்தபோது நான் நிறுத்திவிட்டேன், என்னால் படிக்க முடியவில்லை. அவர்தான் மேலே படி என்றார். முடித்ததும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர் அப்பா கடைசிக் காலம் வரைக்கும் ரயில் ஏறமாட்டார் என்று சொன்னார். சென்னைக்கு பென்ஷன் விஷயமாகப் போவதென்றாலும் பஸ்தான். வீட்டில் எல்லாரும் ரயில் சத்தம் ஆகாது, போரில் காது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். என்னிடம் சொல்லும்போதுதான் அவருக்கே அது வேறு மாதிரி கேட்டது என்று நினைக்கிறேன், சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

எடுக்கச் சொல்லவில்லை. “எங்கப்பா பயந்து சேர்ந்தார்னு மட்டும் எழுதாதே, பயமும் இருந்துச்சு, ஆசையும் இருந்துச்சு” என்றார். அதை அப்படியே வசனமாக வைக்கலாமா என்று கேட்டேன், வைத்துக்கொள் என்றார்.

வடலூர் ஐயா, உங்கள் மூன்று தேதியையும் எடுத்துக்கொள்கிறேன். கட்டியங்காரன் பஞ்சாங்கம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லுவான், 17, 21, 25. எந்தத் தேதிக்கும் அவன் விளக்கம் சொல்லமாட்டான். இரண்டு நிமிடத்தை வெட்டி எடுத்துப் போடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருக்கிறது, அதற்காக நேதாஜி பெயரை யார் வாயிலும் குறையாகவோ புகழாகவோ வைக்கவில்லை. தம்பி சீருடை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிற காட்சி இருக்கிறது, அதை முழு மனசோடுதான் எழுதியிருக்கிறேன். அவன் ரயிலேறி உட்காருகிறான், கீழே மற்றவர்கள் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், இரண்டும் ஒரே நேரத்தில்.

ஸ்லீப்பர் கட்டை முதுநகரில் ஒரு மரக்கடையில் கிடைத்தது. நாடகத்துக்கு என்றதும் கடைக்காரர் பணம் வேண்டாம், முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள் என்றார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் பழகுகிறோம். ஆறு பேர் வரைக்கும் சுமந்து போக முடிகிறது. ஐந்து பேருக்குத் தூக்க வருகிறது, மணலில் நடக்க வரவில்லை. அங்கேயே கட்டையைப் போட்டுவிட்டு அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறோம், இப்போதைக்கு நாடகத்திலும் அப்படியே விட்டிருக்கிறேன்.

முதல் ஆட்டம் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு ஊரில் வைக்கலாம் என்று இருக்கிறோம். எல்லாம் கரும்பு வெட்டுகிற ஊர். 1990-ல் தாய்லாந்தில் அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரியில் கரும்புக் காட்டைத் தோண்டும்போதுதான் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் மொத்தமாகக் கிடைத்தன. அதே காஞ்சனபுரியில் அந்தப் பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் பெயரோடு வரிசையாக இருக்கின்றன, அவர்களில் செத்தவர்கள் 12,000-க்கு மேல். நம்மவர்கள், மலாய்க்காரர்கள், பர்மியர், ஜாவாக்காரர் எல்லாரும் சேர்ந்து 90,000 பேர் வரை செத்தார்கள் என்கிறார்கள், பெயர்ப் பட்டியல் இல்லை.

அதனால் ஒரு உதவி வேண்டும். திரைக் காட்சியில் நானாகக் கற்பனையாகப் பெயர் வைக்க எனக்குக் கை வரவில்லை. உங்கள் வீட்டிலிருந்தோ தெரிந்த வீட்டிலிருந்தோ யாராவது மலாயா போய், சயாமுக்குப் போய், வராமல் இருந்தால் எனக்குத் தனிச் செய்தியில் பெயரும் ஊரும் மட்டும் அனுப்புங்கள். வீட்டில் எல்லாரையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.


பண்ருட்டி மத்தளம்:

என்றைக்கு ஆட்டம் என்று சொல். மத்தளத்துக்கு நான் வருகிறேன், பணம் பேசாதே. முகவீணைக்கும் ஒருத்தனைக் கூட்டிவருகிறேன்.


நெய்தல்:

இதுவரை இங்கே எழுதியதில்லை, படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் பாட்டிக்கு ஒரு அண்ணன் அந்த மாதிரி போனார் என்று சொல்வாள். ஊர் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கம். பெயர் எங்களுக்குத் தெரியாது, பாட்டி கடைசி வரைக்கும் ‘பெரியவன்’ என்றுதான் சொன்னாள், அவளும் இப்போது இல்லை. பெயர் இல்லாமல் ஊரை மட்டும் சொன்னால் திரை பிடிப்பீர்களா?